ஒரே மேடை போதாதா? – கடிதம்

அன்புள்ள ஐயா,
தன்பாலீர்ப்பினரும் திருநரும் நடத்தும் ரொறன்ரோ பிரைட் ஊர்வலத்தைப் பல வருடங்களாகப் பார்க்கிறேன். தெற்காசியருக்கு மேடை வேண்டும், ஆசியருக்குத் தனிக்குழு வேண்டும் என்று கேட்கிறார்கள். ஒதுக்கப்பட்டவர்கள் தங்களுக்குள்ளேயே இப்படிப் பிரிந்து நிற்பது சாதிச் சங்கம் போலப் படுகிறது. எல்லோருக்கும் ஒரே மேடை போதாதா?
– ஒரு வாசகர், மிசிசாகா

அன்புள்ள நண்பருக்கு,

சாதிச் சங்கம் அடுத்தவனை உள்ளே விடாது. இவர்களோ உள்ளே வர வழி கேட்கிறார்கள். ஒப்பீடு பொருந்தவில்லை.

நீங்கள் சொல்லும் ஒரே மேடையில்தான் எல்லாம் தொடங்கியது. அதில் வெள்ளை முகங்களே தெரிந்தன. ஆசிய ஆண் ஒன்றில் யார் கண்ணிலும் படமாட்டான், இல்லையென்றால் யாருடைய கற்பனைக்கோ வேடிக்கைப் பொருள். அதனால்தான் 1980இல் வீடியோக் கலைஞர் ரிச்சர்ட் ஃபங் முதலானோர் ரொறன்ரோவில் தன்பாலீர்ப்புடைய ஆசியருக்காக 'கே ஏஷியன்ஸ்' குழுவைத் தொடங்கினார்கள். 1987இல் தெற்காசியருக்கென்று 'குஷ்' வந்தது. 1989இல் தெற்காசிய எய்ட்ஸ் தடுப்பு அமைப்பு ஒன்று உருவானது. காரணம் மொழி. வைத்தியரிடம் பேச மகனையோ பக்கத்து வீட்டுக்காரரையோ கூட்டிப் போகிற மனிதர், தனக்கு என்ன வருத்தம் என்று எப்படி வாய்திறப்பார்? தமிழருக்கான 'சிநேகிதன்' குழு பின்னாளில் அந்த அமைப்பின் கீழ்தான் இயங்கியது.

2016 ஜூலை 3 ஊர்வலம் நினைவிருக்கும். யங் வீதியும் கொலேஜ் வீதியும் சந்திக்கும் இடத்தில் கறுப்பினத்தவர் உரிமைக்காகப் போராடும் 'பிளாக் லைவ்ஸ் மேட்டர்' அமைப்பினர், ஒரு கோரிக்கைப் பட்டியலோடு அரைமணி நேரம் போல உட்கார்ந்துவிட்டார்கள். ஊர்வலத்தில் பொலிஸ் அணி வேண்டாம் என்ற கோரிக்கையைத்தான் எல்லாரும் பேசினார்கள். தெற்காசிய மேடையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பதும் அதே பட்டியலில் இருந்தது. நமக்காகவும் சேர்த்துத் தெருவில் உட்கார்ந்தவர்கள் கறுப்பினத்தவர். அன்று அவர்களைத் திட்டிய நம்மவர் பலருக்கு இது இன்றும் தெரியாது.

சொந்தச் சனத்திடம் போனாலும் இடம் கிடைப்பதில்லை. நியூயோர்க்கின் இந்திய தின ஊர்வலத்தில் நடக்க 'சால்கா' என்ற தெற்காசியத் தன்பாலீர்ப்பினர் குழு 1990களில் கேட்டுக் கேட்டு மறுக்கப்பட்டது. ஓரத்தில் நின்று எதிர்ப்புக் காட்டினார்கள். 2000இல்தான் வழி விட்டார்கள்.

இன்னொன்று, பிறர் கண்ணில் படுவதே தங்களுக்கு ஆபத்தாக முடிகிறவர்களும் இருக்கிறார்கள். தமிழர் நிறைந்த ரொறன்ரோவின் ஸ்காபரோவில் காலை எடுத்த படம் மாலைக்குள் வட்ஸ்அப்பில் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்துவிடும். ஒருமுறை தமிழ்த் துண்டுப்பிரசுரங்கள் வைத்திருந்த மேசைக்குப் பக்கத்தில் நின்றேன். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒருவர் அந்தப் பக்கமே போய்வந்து கொண்டிருந்தார். மேசையில் இருந்த பெண் கெட்டிக்காரி. பேச்சுக் கொடுக்காமல் ஏதோ பெட்டியைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டாள். அவர் ஒன்றை எடுத்துச் சிறிதாக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு போனார். பெரிய மேடைக்கு முன்னால் அவர் ஒருநாளும் போய் நின்றிருக்கமாட்டார்.

ஒரே மேடை இருக்கட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நிகழ்ச்சி நிரலை யார் போடுகிறார்கள், நம்மவருக்கு எந்த நேரம் தருகிறார்கள் என்று அடுத்தமுறை பாருங்கள். சனம் வராத வேளையில் ஒரு பங்ரா ஆட்டத்தைப் போட்டுவிட்டு, அந்தப் படத்தையே அடுத்த வருட விளம்பரத்தில் பெரிதாகப் போடுவார்களென்றால், எனக்கு அந்தச் சின்ன மேடையே போதும்.

அன்புடன்,
எம்.