அரிக்கா பனை: நுனி கருகுவது ஏன்?

கேள்வி: ஹாலில் உள்ள ஐந்தடி அரிக்கா பனைக்குத் தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன். ஆனாலும் இலை நுனிகள் கருகுகின்றனவே?
– வாசகி, திருச்சி

பதில்: தினமும் ஊற்றாதீர்கள், வேர் அழுகினாலும் நுனி கருகும். மண்ணில் விரலை 2 அங்குலம் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் மட்டும், அடித்துளை வழியே வழியும்வரை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள்.

போர் தண்ணீரா? அதன் உப்பு மண்ணில் படிந்தும் நுனியைக் கருக்கும். மழைநீர் மிக நல்லது. ஆர்.ஓ. கருவியின் கழிவுநீரை மட்டும் ஊற்றவே வேண்டாம், அதில் உப்பு இன்னும் அதிகம். ஏ.சி. காற்று நேராகப் படாத, வெளிச்சமுள்ள ஜன்னலோரம் வையுங்கள்.

இலையடியில் மெல்லிய வலை தெரிந்தால் சிலந்திப்பேன். லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், சில துளி சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளியுங்கள். கருகிய நுனி மறுபடி பச்சையாகாது. வெட்டும்போது பழுப்பில் சிறிது விட்டு வெட்டுங்கள்.