உலகப்போருக்குப் பிந்தைய பிரிட்டிஷ் ராணுவத்தில் ஒரு சாதாரணச் சிப்பாயின் வாழ்க்கை எப்படி இருந்தது? எல்லோரும் விரும்பித்தான் சேர்ந்தார்களா?

கேள்வியின் பின்பாதியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் அதைப் பொறுத்ததே. எல்லோரும் விரும்பிச் சேரவில்லை. 1950களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் தரைப்படையில் இருந்தவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர், சட்டத்தின்படி கட்டாயமாக அழைக்கப்பட்ட 18, 19 வயதுப் பையன்கள். போர் முடிந்த 1945 முதல், கடைசி ஆள் சீருடையைக் கழற்றிய 1963 மே மாதம் வரை, முப்படைகளுக்கும் இப்படி அழைக்கப்பட்டவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். ஆகவே அக்காலத்துச் சாதாரணச் சிப்பாய் என்றால், அந்தப் பையனைப் பற்றித்தான் பேச வேண்டும்.

நான் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். 1970களில் தாதிப் பயிற்சிக்காக இங்கிலாந்துக்கு வந்து, பணிக்காலத்தின் பெரும்பகுதியை முதியோர் இல்லங்களில் கழித்தேன். அந்த இல்லங்களில் இருந்த ஆண்களில் கட்டாய ராணுவச் சேவை செய்யாதவரைக் காண்பதே அரிது. மருந்து கொடுக்கும்போதும் காலுக்குக் கட்டுப் போடும்போதும் அவர்கள் சொல்லக் கேட்டது பாதி, பிறகு ஆர்வத்தால் தேடிப் படித்தது பாதி.

சமாதானக் காலத்துக்கான கட்டாயச் சேவைச் சட்டம் 1947இல் நிறைவேறியது. உலகப்போரில் வென்ற நாடு, போர் முடிந்தபின் எதற்காகப் பிள்ளைகளைப் பிடித்துப் படையில் போட்டது என்று கேட்கலாம். ஜெர்மனியில் ஆக்கிரமிப்புப் படையை வைத்திருக்க வேண்டியிருந்தது. மலாயா, எகிப்து, கிழக்கு ஆப்பிரிக்கா, சைப்ரஸ் என்று காவல் காக்க வேண்டிய இடங்களும் குறையவில்லை. இந்திய விடுதலையோடு, அதுவரை இத்தகைய வேலைகளுக்கெல்லாம் அனுப்பப்பட்டுவந்த இந்தியப் படையும் கையைவிட்டுப் போயிற்று. அந்த இடத்தை நிரப்பியவர்களில் பர்மிங்காம் தொழிற்சாலைப் பையனும் உண்டு, கிளாஸ்கோ தச்சுத் தொழிலாளியின் மகனும் உண்டு. சேவைக்காலம் முதலில் 12 மாதம் என்றிருந்தது. 1949 ஜனவரியில் சட்டம் நடைமுறைக்கு வருவதற்குள் அது 18 மாதமாகியது. கொரியப் போர் மூண்டதும் 1950 அக்டோபரில் இரண்டு ஆண்டாகியது. அதன்பின் மூன்றரை ஆண்டு சேமப்படையிலும் பெயர் இருக்கும். 1956இல் எகிப்தின் சூயஸ் கால்வாயைப் பற்றிய தகராறு வெடித்தபோது, வேலைக்குப் போய்க் குடும்பமாகிவிட்டிருந்த சேமப்படையினர் பலர் மறுபடியும் அழைக்கப்பட்டார்கள்.

விலக்குப் பெற்றவர்களும் இருந்தார்கள். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர், வணிகக் கப்பல் மாலுமிகள் ஆகியோரைப் படைக்கு எடுக்கவில்லை. வட அயர்லாந்தில் சட்டமே செல்லாது. தொழில் பழகுபவர்களும் பல்கலைக்கழக மாணவர்களும் தவணை வாங்கிக்கொள்ளலாம். மனசாட்சி இடம்கொடுக்கவில்லை என்பவர் தீர்ப்பாயத்தின்முன் நின்று அதை நிரூபிக்க வேண்டும். எனக்கு உறுத்துவது வேறொன்று: அந்நாட்டில் வாக்களிக்கும் வயது 1970 வரை 21. தன்னை எங்கே அனுப்பினாலும் ஏன் என்று கேட்கும் வாக்குரிமைகூட அந்தப் பையனுக்குக் கிடையாது.

மருத்துவப் பரிசோதனையில் தேறிய சில வாரங்களில் பழுப்பு உறையில் கடிதம் வரும். அதனுள் ரயில் பயணச் சீட்டும், முன்பணமாக நான்கு ஷில்லிங் அஞ்சல் ஆணையும் இருக்கும். நான்கு ஷில்லிங் என்பது ஒரு நாள் சம்பளம், வாரத்துக்கு 28 ஷில்லிங். பெரும்பாலும் வியாழக்கிழமைகளில்தான் புதிய ஆட்கள் முகாம்களில் போய் இறங்குவார்கள். கேட்டரிக், ஆல்டர்ஷாட், ஆஸ்வெஸ்ட்ரி என்ற ஊர்ப்பெயர்களைச் சொன்னாலே என் முதியவர்கள் சிலருக்கு முகம் மாறிவிடும். போய் இறங்கியதும் முடியை ஒட்ட வெட்டி, அளவு பொருந்தாத உடுப்பைக் கையில் திணித்து, எட்டு இலக்க எண் ஒன்றையும் கொடுப்பார்கள். கட்டாய சேவையில் வந்தவர்களின் எண் பெரும்பாலும் 22 அல்லது 23 என்று தொடங்கும். மனைவியின் பெயர் மறந்துபோன நிலையிலும் அந்த எண்ணைத் தடங்கலின்றி ஒப்பிக்கும் முதியவர்களை நான் பார்த்திருக்கிறேன். மனத்தில் அது அப்படிப் பதிந்ததற்குக் காரணம் உண்டு. சம்பள நாளில் மேசைமுன் விறைப்பாக நின்று, எண்ணின் கடைசி மூன்று இலக்கங்களைக் கத்திச் சொன்னால்தான் காசு கைக்கு வரும். ஒரு கூடத்திலேயே நான்கு ஸ்மித்துகளும் மூன்று ஜோன்ஸ்களும் இருந்தால் வேறென்ன செய்வது?

அடிப்படைப் பயிற்சியைப் பற்றி அவர்கள் சொல்வதில் துப்பாக்கி குறைவாகவும் பாலிஷ் அதிகமாகவும் இருக்கும். புது பூட்ஸின் முன்பக்கத் தோல் சொரசொரப்பாக, கொப்புளம் கொப்புளமாக இருக்கும். கரண்டியின் பின்பக்கத்தை மெழுகுவர்த்தியில் சூடாக்கித் தோலின்மேல் அழுத்தித் தேய்த்து, அந்தப் புடைப்புகளை முதலில் சமப்படுத்த வேண்டும். பிறகு துணியை விரலில் சுற்றி, பாலிஷைத் தொட்டு, ஒரு துளி எச்சிலும் சேர்த்து, சின்னச் சின்ன வட்டமாக மணிக்கணக்கில் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும்; முகம் தெரியும்வரை விடமாட்டார்கள். இடைவாருக்கும் தோள்வார்களுக்கும் பிளாங்கோ என்ற பூச்சு, பித்தளைக் கொக்கிகளுக்கு பிராசோ என்ற மெருகு. காலையில் கம்பளிகளையும் விரிப்புகளையும் மூலை பிசகாமல் சதுரமாக மடித்து, இன்னொரு கம்பளியால் சுற்றிக் கட்டிலின் தலைமாட்டில் பெட்டிபோல் வைக்க வேண்டும். சார்ஜென்ட் வந்து பார்த்து, ஒரு விளிம்பு கோணியிருந்தாலும் மொத்தத்தையும் ஜன்னல் வழியே வீசிவிடுவார். ‘அசைந்தால் சல்யூட் அடி, அசையாவிட்டால் பெயின்ட் அடி’ என்பது அவர்களுக்குள் புழங்கிய கேலி.

இதில் எவ்வளவு பயனுள்ள ஒழுங்கு, எவ்வளவு வீண்கொடுமை என்பதில் அவர்களே ஒத்துப்போவதில்லை. படிக்காதவர்களுக்குப் படையின் கல்விப் பிரிவு எழுத்துக் கற்றுக்கொடுத்தது; வண்டி ஓட்டவும் வானொலிக் கருவியைக் கையாளவும் பலர் அங்கேதான் பழகினார்கள். தன் தெருவைத் தாண்டி அறியாதவன், வேறு வட்டாரப் பேச்சும் வேறு வர்க்கமும் கொண்டவனோடு ஒரே கூடத்தில் தூங்கினான். ஆனாலும் பொதுப்பள்ளி என்ற பெயருள்ள பணக்காரப் பள்ளிகளில் படித்தவர்களையே அதிகாரித் தேர்வுக்குழு பெரும்பாலும் தேர்ந்தெடுத்தது என்பதையும், அழுகையை அடக்க முடியாத பையன்களை அங்கே என்ன பாடுபடுத்தினார்கள் என்பதையும் நன்மைகளின் பட்டியலுக்குப் பின்னால் மறைத்துவிடக் கூடாது.

பயிற்சி முடிந்தபின் எங்கே போவது என்பது குருட்டு அதிர்ஷ்டம்தான். மிகப் பலருக்கு மேற்கு ஜெர்மனியில், மின்டென், ஓஸ்னாபுரூக், மியூன்ஸ்டர் போன்ற ஊர்களில், காவல், ஒத்திகை, மலிவான பீர் என்று காலம் கழிந்தது. இன்னும் பலர் உள்நாட்டுக் கிடங்குகளில் கணக்கெழுதிக்கொண்டே விடுதலை நாளை எண்ணினார்கள். அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கும் கட்டம் போட்ட தாளில் தினம் ஒரு கட்டத்தை அடிப்பது கிட்டத்தட்ட எல்லோருக்கும் வழக்கம். கொரியாவுக்குப் போனவர்களின் கதை வேறு. 19 வயது நிறையாதவரை அங்கே அனுப்புவதில்லை என்ற விதி இருந்தது. 1951 ஏப்ரலில் இம்ஜின் ஆற்றங்கரையில் குளோஸ்டர்ஷயர் படைப்பிரிவைச் சீனப்படை சூழ்ந்துகொண்டபோது, பிழைத்தவர்களில் பெரும்பாலோர் சிறைப்பட்டு 1953வரை முகாம்களில் கிடந்தார்கள். அந்தப் போரில் இறந்த பிரிட்டிஷ் வீரர்கள் ஆயிரத்துக்கும் மேல். நடிகர் மைக்கேல் கெய்னும் இப்படிக் கட்டாய சேவையில் கொரியா போய்வந்தவரே.

மலாயாவைப் பற்றி நான் கொஞ்சம் அதிகமாகச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள், அது என் மண். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து, காட்டிலிருந்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு எதிராக அறிவிக்கப்பட்ட அவசரகாலம் 1960வரை நீடித்தது. சவுத்தாம்ப்டனில் துருப்புக் கப்பல் ஏறினால் போர்ட் சையது, ஏடன், கொழும்பு வழியாகச் சிங்கப்பூர் வந்துசேர ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். ஜொகூரில் கோத்தா திங்கியில் காட்டுப்போர்ப் பயிற்சி. அதன்பின் ரோந்து. பத்து நாள், இரண்டு வாரம் காட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். உடுப்பு ஒருபோதும் காயாது. காலணிக்குள் அட்டை புகுந்து ரத்தம் குடித்துப் புடைத்திருப்பது மாலையில் கழற்றும்போதுதான் தெரியும். மலேரியாவுக்காகத் தினமும் பலுட்ரின் மாத்திரையை அதிகாரியின் கண்முன்னே விழுங்க வேண்டும். மாதக்கணக்கில் இப்படி நடந்தும் எதிரியைக் கண்ணால்கூடப் பார்க்காமல் ஊர் திரும்பியவர்கள் ஏராளம். பார்த்தவர்களுக்கோ எல்லாம் சில விநாடிகளில் முடிந்துவிடும். சஃபோக் படைப்பிரிவு சிலாங்கூரில் மூன்றாண்டுகளுக்கு மேல் இருந்தது. 1952இல் லியூ கொன் கிம் என்ற பெயர்பெற்ற கெரில்லாத் தலைவனைச் சுட்டுவீழ்த்திய அதன் ரோந்துக் குழுவை நடத்தியவர், கட்டாய சேவையில் வந்த இளம் அதிகாரி ஒருவர்.

எங்கள் இல்லத்தில் இருந்த ஒருவர் பேராக்கில் பணியாற்றியவர். நான் சுங்கை சிப்புட்காரி என்று தெரிந்ததும், விடியுமுன் தோட்டத்தில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, ஆட்கள் விளக்கோடு வந்து கூடுவதையும், கிராணி என்ற தோட்டக் கணக்கர் பெயர் கூப்பிடுவதையும் அப்படியே விவரித்தார். வாசலில் நின்று, ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் பால்வெட்டுக்குப் போகும் பெண்களின் வாளிகளை அவர் சோதித்திருக்கிறார். காட்டிலிருப்பவர்களுக்கு உணவு போய்விடக் கூடாது என்பதற்காக, உணவுத் தடை நடவடிக்கை நடந்த இடங்களில் வேலைக்காட்டுக்குச் சோறு கொண்டுபோக அனுமதி கிடையாது. கடைக்காரர் டின் உணவை விற்கும்போதே டின்னைத் துளையிட்டுத்தான் கொடுக்க வேண்டும். வெறும் வயிற்றோடு நடுப்பகல்வரை பால்மரம் வெட்டிய கதையை என் அம்மா சொல்லிக் கேட்டு வளர்ந்தவள் நான். அதை அவரிடம் சொன்னேன். வாளிக்குள் கையை விடவே தனக்குக் கூச்சமாக இருந்ததென்றும், தனக்கு அப்போது 19 வயது என்றும் சொன்னார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் அந்த வாசலில் அவரை நிறுத்தியவர்கள்மேல் இன்றும் இருக்கிறது.

ஏவியவன்தான் பொறுப்பு என்று சொல்லிச் சிப்பாயை முழுக்க விடுவித்துவிடவும் முடியாது. 1948 டிசம்பரில் சிலாங்கூரின் பத்தாங் காலியில், ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படைப்பிரிவின் ரோந்துக் குழு, ஆயுதமில்லாத 24 கிராமத்தவரைச் சுட்டுக்கொன்றது. தப்பியோட முயன்றார்கள் என்று அரசு சொன்னது. அக்குழுவில் கட்டாய சேவை இளைஞர்களும் இருந்தார்கள். அவர்களில் சிலர் 1970 வாக்கில், அது திட்டமிட்ட கொலை என்று சத்தியப் பிரமாண வாக்குமூலம் கொடுத்தார்கள். பொது விசாரணை கேட்டு உறவினர் தொடுத்த வழக்கை பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் 2015இல் தள்ளுபடி செய்தது.

அரசு தன் சிப்பாய்களையே நடத்திய விதத்துக்கும் இரண்டு உதாரணம் போதும். 1953இல் இங்கிலாந்தின் போர்ட்டன் டவுன் ரசாயன ஆயுத ஆய்வுக்கூடத்தில், 20 வயது விமானப்படை வீரர் ரொனால்ட் மேடிசன் கையில் சாரின் நச்சு சொட்டப்பட்டு இறந்தார். சளிக்கு மருந்து கண்டுபிடிக்க உதவுகிறோம் என்று நம்பி, 15 ஷில்லிங்குக்கும் சில நாள் விடுப்புக்கும் ஆசைப்பட்டு அங்கே போனவர்கள் பலர். மேடிசனின் சாவு சட்டவிரோதக் கொலை என்ற தீர்ப்பு வர 2004 ஆகியது. 1957, 58இல் பசிபிக்கின் கிறிஸ்மஸ் தீவில் ஹைட்ரஜன் குண்டுகளை வெடித்தபோது, சிப்பாய்களைக் குண்டுக்கு முதுகு காட்டி மணலில் உட்காரவைத்து, கைகளால் கண்ணைப் பொத்தச் சொன்னார்கள்; மூடிய இமைக்குள்ளும் தங்கள் விரலெலும்புகள் தெரிந்ததாக அவர்களில் பலர் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். அணுச்சோதனைப் பதக்கம் அறிவிக்கப்பட்டது 2022இல். சூயஸ் கால்வாய்ப் பகுதியில் 1951 முதல் 1954வரை காவலிருந்தவர்களுக்கும் 2003வரை பதக்கம் கிடைக்கவில்லை.

சேவை முடிந்தவருக்குப் பழைய வேலையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருந்ததால் பெரும்பாலோர் அதே பட்டறைக்கும் அதே கடைக்கும் போனார்கள். வீட்டில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை, அப்பாக்கள் உலகப்போரையே பார்த்தவர்கள். இறந்தவர்களை ஊருக்குக் கொண்டுவரும் வழக்கம் அன்று இல்லாததால், அவர்கள் இறந்த நாட்டிலேயே அடக்கம் செய்யப்பட்டார்கள்: பூசானில், சைப்ரஸின் வெய்ன்ஸ் கீப்பில், எங்கள் பேராக்கில் பத்து காஜாவில், தைப்பிங்கில். 1945க்குப் பின் பணியில் இறந்தவர்களின் பெயர்கள் ஸ்டாஃபர்ட்ஷயரின் ஆல்ரூவாஸில் 2007இல் திறக்கப்பட்ட நினைவுச்சின்னத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன; திறந்தபோதே 16,000க்கு மேல் இருந்தன.

கேள்வி கேட்டவர் குறிப்பிட்ட ஒருவரின் சேவையைத் தேடுபவராக இருந்தால், முதலில் அவரது விடுவிப்புப் புத்தகத்தைப் பாருங்கள். எண், படைப்பிரிவு, தேதிகள், நடத்தைச் சான்று எல்லாம் அதில் இருக்கும். அது கிடைக்காவிட்டால், பாதுகாப்பு அமைச்சகத்திடமிருந்த ஏறத்தாழ 97 லட்சம் பணிக்கோப்புகள் 2022இல் லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக்காப்பகத்துக்கு மாற்றப்படத் தொடங்கின. பெயர், பிறந்த தேதி, முடிந்தால் அந்த எட்டு இலக்க எண்ணையும் கொடுத்து அங்கே விண்ணப்பிக்கலாம்.