பங்கு கேட்கும் முன் கணக்கு கேளுங்கள்: வாரிசு வழக்குகள் கேள்வி-பதில்

அப்பா இறந்தபின் விசைப்படகை அண்ணன்தான் ஓட்டுகிறார். வருமானம் கேட்டால் "டீசலுக்கே சரியாப் போச்சு" என்கிறார். அம்மா, இரண்டு தங்கைகள் இருக்கிறார்கள். கிறிஸ்தவக் குடும்பம், உயில் இல்லை. (பாம்பன்)

அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி பிள்ளைகள் நால்வருக்கும் சமம். தங்கைகளுக்குச் சீர் செய்தாயிற்று என்ற பேச்செல்லாம் கோர்ட்டில் எடுபடாது.

ஆனால் வெறும் பாகப்பிரிவினை வழக்காகப் போட்டுவிடாதீர்கள். இறந்தவரின் சொத்தை நிர்வகிக்கக் கோரும் வழக்கு என்று ஒன்று உண்டு. அதில் சொத்து எவ்வளவு, கடன் எவ்வளவு, யார் கையில் எவ்வளவு வந்தது என்று முதலில் கணக்கெடுக்கச் சொல்லி உத்தரவாகும். பங்கீடு அப்புறம்தான். அண்ணன் நோட்டுப் புத்தகமே இல்லை என்றாலும் கவலை வேண்டாம். கடலுக்குப் போகும்போது வாங்கும் மீன்வளத்துறை டோக்கன் பதிவில் படகு எத்தனை நாள் கடலுக்குப் போனது என்று தெரிந்துவிடும். மீன் எடுக்கும் வியாபாரியின் சிட்டை இன்னொரு சாட்சி.

கோபத்தில் படகைக் கட்டிப்போடச் சொல்லித் தடை மட்டும் வாங்காதீர்கள். ஓடாத படகில் எஞ்சின் இறுகும், பலகை உளுக்கும், கடைசியில் பங்கு போட ஒன்றும் மிஞ்சாது. படகை விற்கக் கூடாது, மாதாமாதம் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும் என்று கேளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில் நிற்கும் அந்த நாட்களில் நீதிமன்றம் நியமிக்கும் வழக்கறிஞர் ஆணையரை வைத்துப் படகையும் வலையையும் மதிப்பிட மனுப் போடுவது நல்லது.

அத்தா வீடு, கடை எல்லாவற்றையும் தம்பிக்கே உயில் எழுதிப் பதிவும் செய்துவிட்டார். பெண்பிள்ளைகள் எங்களுக்கு ஒன்றுமில்லையா? (கீழக்கரை)

இருக்கிறது. முஸ்லிம் ஒருவர் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும். சன்னி முஸ்லிம்களில், வாரிசுக்கே எழுதினால் அந்த மூன்றில் ஒன்றுக்கும் சம்மதம் தேவை. பதிவு செய்ததால் மட்டும் இது மாறாது. அடக்கச் செலவு, கடன், செல்லுபடியாகும் உயில், பிறகு பங்கு என்பதுதான் வரிசை. அம்மாவுக்குக் கொடுக்காமல் நின்ற மஹர் (திருமணத்துக்காகக் கணவர் மனைவிக்குத் தர வேண்டிய தொகை) இருந்தால் அதுவும் கடன் கணக்கில் வரும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிதழை வங்கி ஏற்கவில்லை. நாமினி என் மைத்துனர். (தொண்டி)

நாமினி பணத்தை வாங்கிக் கையில் வைப்பவர்தான், உரிமையாளர் அல்ல. ஆனால் தடை உத்தரவு இல்லாவிட்டால் வங்கி அவரிடம் கொடுத்துவிடும். அதனால் முதலில் தடைக்கு மனு, கூடவே வாரிசுரிமைச் சான்றுக்கு மனு. இது நீதிமன்றம் தருவது. தாசில்தார் சான்றிதழ் வேறு.

கடலுக்குப் போன கணவர் திரும்பவில்லை. நான்கு வருடமாகிறது. இறப்புச் சான்றிதழ் மறுக்கிறார்கள். (மண்டபம்)

அம்மா, உங்கள் நிலை எனக்குப் புரிகிறது. ஏழு ஆண்டு தகவல் இல்லையென்றால் இறந்ததாக அனுமானிக்கலாம் என்கிறது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 2023, பிரிவு 111. ஆனால் அதுவரை காத்துத்தான் ஆக வேண்டும் என்றில்லை. படகு கவிழ்ந்ததைக் கண்ட சக மீனவர் சாட்சி சொன்னால், இறந்தார் என்று இப்போதே அறிவிக்கக் கோரி வழக்குப் போடலாம். காவல் நிலையத்தில் கொடுத்த புகாரின் நகல், தேடுதல் நடந்ததற்கான கடிதம் இரண்டையும் பத்திரமாக வையுங்கள்.

இன்னொன்று மிக முக்கியம். கணவர் பெயரில் எல்ஐசி பாலிசி இருந்தால் பிரீமியத்தை நிறுத்தாதீர்கள். எந்த நாளில் இறந்தார் என்பதைச் சட்டம் அனுமானிக்காது. இடையில் பாலிசி காலாவதியானால் தொகை கிடைக்காது என்று 2004-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

அப்பா வாங்கிய கடனுக்கு என் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார்கள். (தேவிபட்டினம்)

அப்பாவிடமிருந்து உங்கள் கைக்கு வந்த சொத்தின் அளவுக்குத்தான் பொறுப்பு, அதற்கு மேல் இல்லை. "சும்மா ஒரு கையெழுத்து" என்று புது புரோநோட்டை நீட்டுவார்கள். போட்டுவிடாதீர்கள். போட்டால் அது உங்கள் சொந்தக் கடனாகிவிடும்.