சேவைவழிக் கற்றல்: சமூகப்பணி வகுப்பறையிலிருந்து வந்த கேள்விகள்

சமூகப்பணிப் படிப்பில் சேவைவழிக் கற்றலை, அதாவது பாடத்தோடு இணைத்துச் சமூகத்தில் சேவை செய்து கற்கும் முறையை, சேர்ப்பது பற்றி மாணவர்கள், ஆசிரியர்கள், தொண்டு நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்கள் என்று பலரும் கேட்டிருந்தார்கள். ஒரே கேள்வியைப் பலர் கேட்ட இடங்களில் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

எங்கள் துறையில் ஏற்கெனவே களப்பணி இருக்கிறது. அதற்கு மேல் இது எதற்கு மேடம்? அதையே பெயர் மாற்றிச் செய்வதுபோல் தெரிகிறதே. (உதவிப் பேராசிரியர்)

நியாயமான சந்தேகம். சில இடங்களில் நடப்பது வெறும் பெயர் மாற்றம்தான். ஆனால் இரண்டும் வேறு வேறு வேலை.

களப்பணியில் மாணவர் ஒரு நிறுவனத்துக்குள் போய், மேற்பார்வையாளரின் கீழ், நாளைய பணியாளராகப் பழகுகிறார். அமெரிக்காவின் சமூகப்பணிக் கல்விக் கவுன்சில் 2008இல் களப்பயிற்சியைத்தான் இந்தத் தொழிலின் அடையாளக் கற்பித்தல் முறை, அதாவது இந்தத் தொழிலுக்கே உரிய முதன்மையான கற்பிக்கும் முறை, என்று அறிவித்தது. குறைந்தது இளங்கலைக்கு 400 மணி நேரம், முதுகலைக்கு 900 மணி நேரம் என்பது அங்கே விதி. அந்த இடத்தை வேறொன்று பிடிக்கவும் முடியாது, பிடிக்கவும் கூடாது.

சேவைவழிக் கற்றல் ஒரு தாளோடு ஒட்டி வருவது. சமூகக் கொள்கைத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். முதியோர் ஓய்வூதியம் கேட்டு நிராகரிக்கப்பட்டவர்கள் ஒரு சங்கத்தில் இருக்கிறார்கள். மாணவர்கள் அவர்களோடு உட்கார்ந்து, வந்த பதில் கடிதங்களைப் படித்து, மறு விண்ணப்பம் எழுத உதவுகிறார்கள். எந்தக் காரணத்துக்காக எத்தனை பேர் தள்ளப்பட்டார்கள் என்று ஒரு பட்டியலும் தயாரித்துச் சங்கத்திடம் கொடுக்கிறார்கள். அதே வாரம் வகுப்பில், தகுதி உள்ளவர்கள் ஒரு திட்டத்திலிருந்து எப்படி விடுபட்டுப்போகிறார்கள் என்ற பாடம். வயதுச் சான்று இல்லாமல் திரும்பிப் போன பாட்டியைப் பார்த்த மாணவிக்கு அந்தப் பாடத்தைப் புரியவைக்க நான் அதிகம் பேச வேண்டியதில்லை. சங்கத்துக்கும் பயன்படுகிற ஒரு பட்டியல் கையில் கிடைக்கிறது.

என்னைக் கேட்டால் இதை முதல் ஆண்டிலேயே, முழு நேரக் களப்பணிக்கு முன்னால் வைப்பேன். ஒரு தனி மனிதரின் வாழ்க்கைச் சிக்கலைக் கையில் எடுப்பதற்கு முன், ஆட்களோடு உட்கார்ந்து கேட்கப் பழக வேண்டாமா?

ரத்ததான முகாம், துப்புரவு முகாம் எல்லாம் போயிருக்கிறோம். அதுவும் சேவைவழிக் கற்றல்தானே? (இளங்கலை மாணவர்)

இல்லை, அது தன்னார்வச் சேவை. நல்ல காரியம், ஆனால் வேறு காரியம். சேவைவழிக் கற்றல் ஆய்வாளர் ஆண்ட்ரூ ஃபர்கோ 1996இல் இதைப் பிரிக்க ஓர் எளிய வழி சொன்னார்: பலன் முக்கியமாக யாருக்கு, அழுத்தம் சேவையிலா கற்றலிலா என்று பாருங்கள். முகாமில் பலன் பெறுபவருக்கு, அழுத்தம் சேவையில். பயிற்சிப் பணியில் பலன் மாணவருக்கு, அழுத்தம் கற்றலில். இரண்டு தட்டும் ஏறக்குறைய சமமாக நின்றால்தான் சேவைவழிக் கற்றல். உங்கள் முகாமை எந்தத் தாளின் எந்தப் பாடத்தோடு இணைப்பீர்கள் என்று யோசித்துப் பாருங்கள், விடை கிடைத்துவிடும்.

இது புதிதாக வந்த ஃபேஷனா? (முதுகலை மாணவர்)

சொல் 1967 வாக்கில் வந்தது. ராபர்ட் சிக்மன், வில்லியம் ராம்சே என்ற இரண்டு அமெரிக்கர்கள் புழக்கத்தில் விட்டார்கள். பழக்கம் அதைவிட மூத்தது. 1884இல் லண்டனில் டாயின்பி ஹால், 1889இல் சிகாகோவில் ஜேன் ஆடம்ஸும் எலன் கேட்ஸ் ஸ்டாரும் தொடங்கிய ஹல் ஹவுஸ், இரண்டுமே படித்தவர்கள் ஏழைகளின் பகுதியிலேயே குடியேறி, பக்கத்து வீட்டாராக வாழ்ந்து கற்ற இடங்கள். நம் தொழிலே பாதி அங்கிருந்துதான் பிறந்தது. அதனால் இது வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது என்று எனக்குத் தோன்றவில்லை.

களத்தில் பார்த்ததை யோசித்து எழுதும் பிரதிபலிப்புக் குறிப்பேடு எழுதச் சொல்கிறார்கள். என்ன எழுதினாலும் 'மனம் நெகிழ்ந்தது, வாழ்க்கைப் பாடம் கற்றேன்' என்றுதான் வருகிறது. எப்படி எழுதுவது மேடம்? (முதலாம் ஆண்டு மாணவி)

இதைக் கேட்டதற்கே உங்களுக்கு மதிப்பெண் போடலாம். நெகிழ்ச்சி தப்பில்லை, ஆனால் அங்கேயே நின்றுவிட்டால் குறிப்பேடு முழுக்க உங்களைப் பற்றியதாகிவிடும்.

டெரி போர்ட்டன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970இல் மூன்று கேள்விகள் கொடுத்தார்: என்ன? அதனால் என்ன? இனி என்ன? பார்க்கச் சாதாரணமாக இருக்கும், எழுத உட்கார்ந்தால்தான் கஷ்டம் தெரியும்.

முதல் கேள்விக்குக் கண்டதை மட்டும் எழுதுங்கள். 'அந்த அம்மா அக்கறையில்லாமல் இருந்தார்' என்பது கண்டது இல்லை, உங்கள் தீர்ப்பு. 'நான் கேட்ட நான்கு கேள்விக்கும் ஒரு சொல்லில் பதில் சொன்னார், இரண்டு முறை வாசலைப் பார்த்தார்' என்பது கண்டது. இப்படி எழுதியதும் இரண்டாம் கேள்வி தானாக வரும். ஏன் வாசலைப் பார்த்தார்? யாருக்காவது பயந்தாரா, வேலைக்கு நேரமாகிவிட்டதா, முன்பு இப்படிக் குறிப்பெடுத்துக்கொண்டு போனவர்களால் ஒன்றும் நடக்கவில்லை என்ற சலிப்பா? இந்த இடத்தில் பாடத்தைக் கொண்டுவாருங்கள். தனிநபர் பணியில் சுயநிர்ணயம் என்று படித்தீர்களே, பேச விரும்பாததும் அவர் உரிமைதான் என்பதை நீங்கள் மதித்தீர்களா? மூன்றாம் கேள்விக்கு 'இனி இன்னும் நன்றாகச் செய்வேன்' என்று எழுதினால் அந்த வரியைக் கோடு போட்டு அடித்துவிடுவேன். 'அடுத்த முறை எந்த நேரம் வசதி என்று முதலில் கேட்பேன், குறிப்பேட்டைப் பையிலேயே வைத்திருப்பேன்' என்று எழுதுங்கள்.

அப்புறம், அன்றே எழுதுங்கள். பருவத் தேர்வுக்கு முந்தின நாள் மொத்தமாக எழுதிய குறிப்பேட்டை எந்த ஆசிரியராலும் ஒரே பக்கத்தில் கண்டுபிடித்துவிட முடியும்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. குறிப்பேட்டில் ஆட்களின் பெயர், முகவரி, நோய் விவரம் வரக்கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். அது விடுதி அறையில் திறந்து கிடக்கும் நோட்டு.

நான் தொண்டு நிறுவனத்தில் ஒருங்கிணைப்பாளர். மாணவர்கள் சில வாரம் வருகிறார்கள். வேலை சொல்லிக்கொடுத்து முடிப்பதற்குள் போய்விடுகிறார்கள். எங்களுக்கு நேர நஷ்டம்தான். கல்லூரியில் இதை யாரிடம் சொல்வது என்றும் தெரியவில்லை.

நீங்கள் சொல்வது முழுக்க உண்மை. சிக்மன் 1979இலேயே மூன்று நெறிகள் எழுதினார். சேவை பெறுபவர்களே அந்தச் சேவையைக் கட்டுப்படுத்த வேண்டும், அதனால் அவர்கள் தங்கள் காரியத்தைத் தாங்களே செய்துகொள்ளும் திறன் கூட வேண்டும், சேவை செய்பவரும் கற்பவர்தான் என்பதால் என்ன கற்பது என்பதில் அவருக்கும் பங்கு வேண்டும். நடைமுறையில் முதல் நெறியைத்தான் முதலில் மறக்கிறோம். கல்லூரி நாட்காட்டியைப் பார்த்து வேலையை முடிவு செய்துவிட்டு, பிறகு உங்களுக்கு போன் போடுகிறோம்.

நீங்கள் கறாராகவே கேட்கலாம். எந்த ஆசிரியர் பொறுப்பு, அவர் எத்தனை முறை நேரில் வருவார், முடிவில் உங்கள் கையில் என்ன இருக்கும் என்று எழுதி வாங்குங்கள். இடையில் ஒத்துவராவிட்டால் நிறுத்தும் உரிமை உங்களுக்கும் உண்டு என்பதும் அதில் இருக்கட்டும்.

குறுகிய காலத்துக்கு வருபவர்களிடம் நேரடிச் சேவையைவிட மறைமுக வேலை கொடுப்பது நல்லது. உதவித் திட்டங்களின் விவரக் கையேடு, கணக்கெடுப்புத் தரவைத் தொகுப்பது, கூட்ட ஏற்பாடு, இப்படி. ஒரு குழு விட்ட இடத்தில் அடுத்த பருவக் குழு தொடர்வதுபோல வேலையை அமைத்தால் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். பழைய குழுவில் ஒருவர் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும், அது உங்கள் வேலை இல்லை.

ஒன்றில் மட்டும் நான் பிடிவாதக்காரி: குழந்தைகள் இல்லத்தில் சில வாரம் பழகிவிட்டுக் காணாமல் போகும் ஏற்பாடு வேண்டாம். ஏற்கெனவே பிரிவைப் பார்த்த குழந்தைகள் அவர்கள். மாணவர் கற்பதற்காக அவர்களுக்கு இன்னொரு பிரிவு தேவையில்லை.

மணிநேரத்துக்கு மதிப்பெண் கொடுக்கலாமா? (விரிவுரையாளர்)

கூடாது. வருகை, நடந்துகொள்ளும் விதம் இரண்டும் தேர்ச்சிக்கான நிபந்தனையாக இருக்கட்டும். மதிப்பெண் கற்றதற்கு: குறிப்பேட்டின் ஆழம், பாடத்தோடு இணைத்த விதம், நிறுவனத்துக்குக் கொடுத்த பொருளின் தரம். கடைசியதைப் பற்றி நிறுவனத்தின் கருத்தையும் கேளுங்கள், ஆனால் மதிப்பெண் போடும் சுமையை அவர்கள் தலையில் கட்டாதீர்கள்.

எங்கள் வகுப்பு சேவைக்குப் போன இடம் நான் பிறந்து வளர்ந்த பகுதி. கூடப் படிப்பவர்கள் தெருவைப் பார்த்து 'பாவம்' என்றார்கள். நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. (மாணவி)

சொல்லியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லை அம்மா. இது ஆசிரியர் முன்கூட்டியே யோசிக்க வேண்டிய விஷயம். நம் திட்டங்கள் பலவும், சேவை செய்பவர் வெளியிலிருந்து வருபவர், பெறுபவர் உள்ளே இருப்பவர் என்று எடுத்துக்கொண்டே எழுதப்படுகின்றன. இரண்டுமாக ஒருவர் வகுப்பில் உட்கார்ந்திருப்பார் என்று யாரும் நினைப்பதில்லை.

சமூக விமர்சகர் இவான் இல்லிச் 1968இல், மெக்சிகோவில் சேவை செய்யும் திட்டத்தில் இருந்த அமெரிக்க மாணவர்களின் முகத்துக்கு நேரே, உங்கள் நல்லெண்ணத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்கிற மாதிரி பேசினார். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். ஆனால் 2008இல் சேவைவழிக் கற்றல் பற்றி ஆய்வாளர் டானியா மிட்செல் எழுதியதை ஒப்புக்கொள்கிறேன்: அதிகாரம் யார் கையில், இந்த நிலை ஏன் வந்தது என்று கேட்காத சேவை, இருக்கிற ஏற்றத்தாழ்வை அப்படியே விட்டுவைக்கும்.

ஆசிரியர் செய்யக்கூடியது என்ன? களத்துக்குப் போகும் முன் அந்தப் பகுதியைப் பற்றி அங்குள்ளவர்களே வந்து பேசட்டும், அதற்கான மதிப்பூதியத்தோடு. குறைகளின் பட்டியலுக்கு முன், அங்கே இருக்கும் சங்கங்கள், திறமைகள், நடந்த போராட்டங்களின் பட்டியலை மாணவர்கள் எடுக்கட்டும். 'பாவம்' என்ற பேச்சு வந்தால் அதையே அன்றைய வகுப்பின் விவாதமாக்கலாம், யாரையும் குறிப்பிட்டுக் காட்டாமல். உங்களை மட்டும் அந்தப் பகுதியின் பேச்சாளராக எழுப்பி நிறுத்தக்கூடாது. வேறு இடம் வேண்டுமென்றாலும் தயங்காமல் கேளுங்கள், காரணம் சொல்லாமலே கேட்கலாம்.

களத்தில் எடுத்த படங்களைப் பதிவு போடலாமா? (இளங்கலை மாணவர்)

வேண்டாம். உதவி வாங்கும் இடத்தில் நிற்பவர் 'சரி' என்று சொன்னாலும், அவரால் 'முடியாது' என்று சொல்லியிருக்க முடியுமா என்று பாருங்கள்.

வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறேன். இதற்கு நேரமே இல்லை. (பகுதிநேர மாணவர்)

வகுப்பு நேரத்திலேயே இதற்கு இடம் ஒதுக்கச் சொல்லி ஆசிரியரிடம் கேளுங்கள். வீட்டிலிருந்து செய்யக்கூடிய தரவுத் தொகுப்பு, மொழிபெயர்ப்பு போன்ற வேலைகளும் நிறுவனங்களுக்குத் தேவைப்படும்.

துறைத் தலைவராக இதைத் தொடங்க நினைக்கிறேன். எல்லாத் தாளிலும் ஒரே நேரத்தில் கொண்டுவரலாமா?

ஒரு தாள், ஒரு நிறுவனம், விருப்பமுள்ள ஒரு ஆசிரியர். இவ்வளவு போதும் முதல் ஆண்டுக்கு. அந்த ஆசிரியருக்கு வகுப்புச் சுமையைக் கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள், இல்லாவிட்டால் இரண்டாம் பருவத்தில் அவரே விட்டுவிடுவார். நிறுவனம் 'இந்தப் பருவம் எங்களுக்கு ஆள் தேவையில்லை' என்று சொன்னால் அனுப்பாதீர்கள். அந்தப் பருவத்தில் பழைய குழுக்கள் தொகுத்த தரவை வைத்து வகுப்பிலேயே பாடம் நடத்தலாம்.