வாங்கும் முன் கேளுங்கள்: ரப்பர் பாய், மோட்டார் காயில் பேப்பர், டேப்

கேள்வி: எங்கள் குடியிருப்பின் மின் பேனல் அறையில் விரிக்க ரப்பர் பாய் தேவை. ஒரு கடையில் 6 மி.மீ. கனமுள்ள கறுப்புப் பாயைக் கிலோ கணக்கில் மலிவாகத் தருகிறார்கள். இன்னொரு கடையில் 2 மி.மீ. பாய்க்கே இருமடங்கு விலை. கனமானதுதானே பாதுகாப்பு? – சங்கச் செயலாளர், வேளச்சேரி

பதில்: இல்லை. மின்காப்புப் பொருளைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து வாங்கும் இந்தப் பழக்கம் எனக்குத் தீராத எரிச்சல். ரப்பருக்கு உறுதி சேர்க்கக் கரித்தூள் கலப்பார்கள். கரி மின்சாரத்தைக் கடத்தும். அது அளவு மீறினால் கனமான பாயும் காப்பாற்றாது. லாரித் தளத்துக்கும் மாட்டுத் தொழுவத்துக்கும் போடும் பாயையே 'எலக்ட்ரிகல் மேட்' என்று விற்பவர்கள் உண்டு. கண்ணால் பார்த்து வித்தியாசம் சொல்ல எலக்ட்ரீஷியனாலும் முடியாது.

ஐ.எஸ். 15652 இருக்கிறதா என்று பாருங்கள். மின்காப்புப் பாய்களுக்காக 2006-ல் வந்த இந்தியத் தரம் இது. ஏ வகுப்பு 3.3 கிலோவோல்ட் வரை, கனம் 2 மி.மீ.; பி 11 கிலோவோல்ட், 2.5 மி.மீ.; சி 33 கிலோவோல்ட், 3 மி.மீ. உங்கள் பேனல் 415 வோல்ட் என்றால் ஏ போதும். 11 கிலோவோல்ட் பேனலும் அதே அறையில் இருந்தால் பி. சி வகுப்பைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், மசியாதீர்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு உள்ள உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டு, அது இந்தப் பாய்க்கான உரிமம்தானா என்றும் சரிபாருங்கள். ஜெராக்ஸ் சோதனைச் சான்றிதழை நீட்டினால், அதிலிருக்கும் பேட்ச் (தயாரிப்புத் தொகுதி) எண் உங்கள் பாய்க்கு உரியதா என்று கேளுங்கள். பாதிப் பேர் அங்கேயே தடுமாறுவார்கள்.

கேள்வி: பாய் விரித்துவிட்டால் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) செலவு மிச்சம்தானே?

பதில்: இல்லை. பாய் அதன் மேல் நிற்பவருக்கு மட்டும். வீடுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம் மாட்டுங்கள்.

கேள்வி: கிணற்று மோட்டாருக்குக் காயில் (கம்பிச் சுருள்) கட்டினேன். பில்லில் 'எஃப் கிளாஸ்' என்று போட்டுப் பணம் வாங்கினார்கள். சில வாரங்களில் கருகிவிட்டது. வேறு மெக்கானிக் பிரித்துப் பார்த்து, உள்ளே வைத்திருப்பது மட்டமான காப்புப் பேப்பர் என்கிறார். – விவசாயி, பல்லடம்

பதில்: மனசு வலிக்கிறது ஐயா. எஃப் கிளாஸ் என்றால் 155 டிகிரி செல்சியஸ் சூட்டுக்கான காப்பு. பி கிளாஸ் 130 தாங்கும். சாதாரண பேப்பர் அதற்கும் கீழே. கருகிய காயிலையும் பேப்பரையும் தூக்கி எறியாதீர்கள். படம் எடுங்கள், பிரித்த மெக்கானிக்கிடம் எழுதி வாங்குங்கள். லோ வோல்டேஜ், மூன்று பேஸில் ஒன்று போனது என்று பழியைத் திருப்புவார்கள், அதற்கும் தயாராக இருங்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். காயில் கட்டியவர் மசியாவிட்டால் 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது. 'தொழிலுக்கு வாங்கியவர் நுகர்வோர் இல்லை' என்று யாராவது மிரட்டினால் பயப்பட வேண்டாம். சொந்தப் பிழைப்புக்காக உழைப்பவருக்குச் சட்டம் விலக்குத் தருகிறது.

கேள்வி: ஒயர் ஒட்டில் செல்லோ டேப்பை நாலு சுற்று சுற்றியிருக்கிறேன். பரவாயில்லையா?

பதில்: மெயினை அணைத்துவிட்டு இன்றே பிரித்து எடுங்கள். மலிவான பி.வி.சி. டேப்பும் வேண்டாம். ஒரு டஜன் சுருள் சல்லிசாகக் கிடைத்தது என்று நானும் வாங்கினேன். சித்திரை வெயிலில் பசை ஒழுகி எல்லாம் ஒரே கட்டியாகிவிட்டது.

கேள்வி: 'ஷாக் ப்ரூஃப்' கையுறை ஆன்லைனில் 99 ரூபாய்க்கு வாங்கினேன். பில், அட்டை எதுவும் இல்லை. கரண்ட் இருக்கும்போதே வேலை செய்யலாமா?

பதில்: பாத்திரம் கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.