கேள்வி – பதில்: மலிவு விலை ரவுட்டர்களை நம்பலாமா?

கேள்வி: அமெரிக்காவில் டிபி-லிங்க் ரவுட்டர்களுக்குத் தடை வரக்கூடும் என்ற செய்தியைப் படித்துவிட்டு, அங்கிருக்கும் என் மகன் தன் வீட்டுப் பெட்டியைக் கழற்றிவிட்டு வேறு வாங்கிவிட்டான். எங்கள் வீட்டிலும் அதே நிறுவனத்தின் பெட்டிதான் ஆறு ஆண்டுகளாக ஓடுகிறது. நாங்களும் மாற்ற வேண்டுமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, மன்னார்குடி

பதில்: மாற்றுவது நல்லது என்றே நினைக்கிறேன். உங்கள் மகன் சொல்லும் காரணத்தைவிட, நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் 'ஆறு ஆண்டுகளாக' என்ற சொல்தான் என்னை அப்படிச் சொல்ல வைக்கிறது. அதற்கு முன், அமெரிக்காவில் நடந்தது என்ன என்று பார்த்துவிடுவோம்.

2024 ஆகஸ்டில், அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் சீன விவகாரங்களுக்காக அமைக்கப்பட்ட தனிக்குழுவின் தலைவர் ஜான் மூலெனாரும், அக்குழுவின் மூத்த ஜனநாயகக் கட்சி உறுப்பினரும் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவருமான ராஜா கிருஷ்ணமூர்த்தியும் இணைந்து, இந்த நிறுவனத்தின் கருவிகளை விசாரிக்கும்படி அன்றைய வணிகத்துறைச் செயலர் ஜினா ரைமண்டோவுக்குக் கடிதம் எழுதினார்கள். அதே ஆண்டு டிசம்பரில், வணிகம், பாதுகாப்பு, நீதி ஆகிய மூன்று துறைகளும் விசாரணையைத் தொடங்கியிருப்பதாக வால் ஸ்ட்ரீட் ஜர்னல் செய்தி வெளியிட்டது. அமெரிக்க வீடுகளுக்கும் சிறு அலுவலகங்களுக்குமான ரவுட்டர் சந்தையில் சுமார் 65 சதவீதம் இந்த ஒரே நிறுவனத்தின் கையில் இருப்பதாகவும் அச்செய்தி சொன்னது. நிறுவனம் அந்தக் கணக்கை ஏற்கவில்லை. 1996-இல் சீனாவின் ஷென்சென் நகரில் சகோதரர் இருவர் தொடங்கிய மூல நிறுவனத்திலிருந்து தாங்கள் பிரிந்துவிட்டதாகவும், தங்கள் தலைமையகம் கலிபோர்னியாவின் இர்வைன் நகரில் இருப்பதாகவும், அமெரிக்காவில் விற்கும் பெட்டிகள் வியட்நாமில் தயாராவதாகவும் அது சொல்கிறது.

அச்சத்துக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. சீனாவின் 2017-ஆம் ஆண்டு உளவுச் சட்டம், அந்நாட்டு நிறுவனங்களும் குடிமக்களும் அரசின் உளவுப் பணிக்கு ஒத்துழைக்க வேண்டும் என்கிறது. இதைவிட எனக்குக் கவலை தருவது 2021 செப்டம்பர் 1 முதல் அங்கு நடைமுறையில் உள்ள மற்றொரு விதி. தன் கருவியின் மென்பொருளில் ஓட்டை இருப்பதை அறிந்த தயாரிப்பாளர், 48 மணி நேரத்துக்குள் அதைத் தொழில்துறை அமைச்சகத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். ஓட்டை தெரிந்த நாளுக்கும் அதை அடைக்கும் அப்டேட் வெளிவரும் நாளுக்கும் நடுவே பல வாரங்கள் ஓடிவிடலாம். அந்த இடைவெளியில், பூட்டு எங்கே பழுது என்ற தகவல் ஓர் அரசின் மேசையில் இருக்கிறது. தயாரிப்பாளர் நேர்மையானவராகவே இருந்தாலும் இந்த நிலை மாறாது.

ஆயினும், இந்த நிறுவனம் வெளியார் ரகசியமாக நுழைய வேண்டுமென்றே கள்ளக்கதவு வைத்துப் பெட்டிகளை விற்றது என்பதற்கான சான்று எதுவும் பொதுவெளியில் வைக்கப்பட்டதாக நான் பார்க்கவில்லை. இப்படிப்பட்ட சந்தேகம் ஒரு நாட்டின் மீது மட்டும் விழுந்ததும் இல்லை. அமெரிக்க உளவு நிறுவனத்தின் முன்னாள் ஒப்பந்தப் பணியாளர் ஸ்னோடன் வெளிக்கொணர்ந்த ஆவணங்கள், அந்நிறுவனமே ஏற்றுமதியாகும் வலையமைப்புக் கருவிகளை வழிமறித்துப் பிரித்து, ஒட்டுக்கேட்கும் வசதியைப் பொருத்தி மீண்டும் ஒட்டி அனுப்பியதை 2014-இல் காட்டின. ஆகவே உங்கள் வீட்டைப் பொறுத்தவரை நான் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்: அந்தப் பெட்டிக்குக் கடைசியாக அப்டேட் வந்தது எப்போது? நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைத் தேடிப் பாருங்கள். ஈராண்டுகளாகப் புதிதாக எதுவும் வரவில்லை என்றால், அது யார் செய்ததாக இருந்தாலும் விடைகொடுத்துவிடுங்கள்.

கேள்வி: நான் மளிகைக் கடை வைத்திருப்பவன். என் வீட்டு இணையத்தில் பாட்டும் படமும் பேரப்பிள்ளைகளின் பாடமும்தான். ஒட்டுக்கேட்டு ஒருவன் என்ன கண்டுவிடப் போகிறான்?
– வாசகர், தென்காசி

பதில்: ஐயா, இந்த மாதம் வந்த கடிதங்களிலேயே முக்கியமான கேள்வி உங்களுடையது. பெரும்பாலோர் இப்படி நினைப்பதால்தான் இந்தத் தொழில் செழிக்கிறது. உங்கள் ரவுட்டருக்குள் நுழைபவனுக்குப் பெரும்பாலும் உங்கள் மீது எந்த அக்கறையும் இல்லை. அவனுக்கு வேண்டியது உங்கள் வீட்டுத் திண்ணை. அங்கே நின்றுகொண்டு வேறொருவர் வீட்டின் மீது கல்லெறிந்தால், எறிந்தது நீங்கள் என்றுதான் பார்ப்பவருக்குத் தோன்றும்.

2024 அக்டோபர் இறுதியில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விவரித்த ஒரு வலையை எடுத்துக்கொள்வோம். உரிமையாளருக்குத் தெரியாமல் இணையம் வழியே களவாடப்பட்ட சுமார் 8,000 கருவிகள் எந்த நேரமும் அதில் இயங்கிக்கொண்டிருந்தன. அவற்றில் பெரும்பாலானவை டிபி-லிங்க் ரவுட்டர்கள். அவற்றின் வழியாகச் சீனாவிலிருந்து இயங்கும் குழுக்கள் வெளியாரின் அலுவலகக் கணக்குகளில் கடவுச்சொல்லை ஊகித்துப் பார்த்தன. பெரும்பாலும் ஒரு கணக்குக்கு ஒரு நாளில் ஒரே ஒரு முயற்சிதான். அந்த முயற்சிகள் வெவ்வேறு வீட்டு முகவரிகளிலிருந்து வருவதால், காவல் மென்பொருள் எதற்கும் சந்தேகம் எழுவதில்லை. அந்த 8,000 வீடுகளிலும் பாட்டும் படமும் வழக்கம்போல ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வோல்ட் டைஃபூன் என்று பெயரிடப்பட்ட, சீன அரசின் ஆதரவு பெற்றதாகச் சொல்லப்படும் குழு, அமெரிக்காவின் முக்கியக் கட்டமைப்புகளுக்குள் ஊடுருவத் தன் தடத்தை மறைத்துக்கொண்ட வலையை, எஃப்.பி.ஐ. நீதிமன்ற அனுமதியோடு கலைத்துவிட்டதாக 2024 ஜனவரி 31 அன்று அமெரிக்க நீதித்துறை அறிவித்தது. அந்த வலையில் சிக்கியிருந்த ரவுட்டர்களில் மிகப் பெரும்பாலானவை சிஸ்கோ, நெட்கியர் என்னும் அமெரிக்க நிறுவனங்களின் பெயரைத் தாங்கியவை. தயாரிப்பாளர் அப்டேட் தருவதை நிறுத்திவிட்ட பழைய பெட்டிகள் என்பதே அவை சிக்கியதற்குக் காரணம். 2025 மே மாதம் எஃப்.பி.ஐ. மூடிய மற்றொரு வலையில், களவாடிய பழைய வீட்டு ரவுட்டர்களை மாதச் சந்தாவுக்கு வாடகைக்கே விட்டிருந்தார்கள். வாடகைக்கு எடுத்தவன் செய்யும் மோசடியின் தடயம், ரவுட்டர் இருக்கும் வீட்டின் வாசலில்தான் வந்து முடியும். அந்த வீட்டுக்காரரிடம் ரகசியம் எதுவும் இல்லை என்பது அவரைக் காப்பாற்றாது.

கேள்வி: பாதுகாப்பு என்பது வெறும் போர்வை, உண்மையில் இது வணிகப் போட்டிதான் என்கிறார் எங்கள் பேராசிரியர். உங்கள் கருத்து?
– வணிகவியல் மாணவி, கோயம்புத்தூர்

பதில்: இரண்டும் ஒரே கயிற்றில் முறுக்கப்பட்டிருக்கின்றன, ஒன்றைப் பிரித்தெடுத்து மற்றதைப் பொய் என்று சொல்ல முடியாது. டிபி-லிங்க் அடக்க விலைக்கும் கீழே விற்று மற்றவர்களைச் சந்தையிலிருந்து விரட்டியதா என்று அமெரிக்க நீதித்துறை தனியே விசாரிப்பதாக 2025 ஏப்ரலில் ப்ளூம்பெர்க் செய்தி நிறுவனம் எழுதியது. அந்தக் குற்றச்சாட்டை நிறுவனம் மறுக்கிறது. தடை வந்தால் போட்டியாளர்களுக்கு லாபம் என்பதும் வெளிப்படை.

ஆனால் உங்கள் பேராசிரியரிடம் நான் கேட்க விரும்புவது, மலிவு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியை. ஒரு ரவுட்டரின் சிப்பும் ஆன்டெனாவும் பிளாஸ்டிக் கூடும் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒரே சில தொழிற்சாலைகளிலிருந்தே வருகின்றன. அங்கே குறைக்க அதிக இடமில்லை. எளிதாகக் குறைக்கக்கூடியது, விற்ற பிறகு ஐந்து, ஆறு ஆண்டுகளுக்குப் பொறியாளர்களை வைத்து ஓட்டைகளை அடைத்துக்கொண்டே இருக்கும் செலவு. பெட்டியின் மீது அச்சிடப்படாத அந்தப் பணியை வாங்குபவர் கேட்பதில்லை. அது இல்லை என்பது அவருக்குத் தெரிவதும் இல்லை. கடையில் அருகருகே இருக்கும் இரண்டு பெட்டிகளில் முந்நூறு ரூபாய் குறைவானதை நாம் எடுக்கும்போது, எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. இதைச் சந்தையின் தோல்வி என்றுதான் நான் சொல்வேன். மூடுவதற்குச் சட்டம் வேண்டிய தோல்வி இது.

நாட்டின் பெயரைப் பார்த்து வாங்குவதும் அவ்வளவு எளிதல்ல. 2021 ஆகஸ்டில், தைவானின் ரியல்டெக் நிறுவனம் தன் சிப்புகளோடு தரும் அடிப்படை மென்பொருளில் கடுமையான ஓட்டைகள் இருப்பதை ஜெர்மானிய ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். குறைந்தது 65 தயாரிப்பாளர்களின் கருவிகளில் அதே மென்பொருள் இருந்தது. பெயர்கள் வேறு, பெட்டியின் நிறம் வேறு, உள்ளே ஒரே ஓட்டை. அதற்கும் முன்னால், 2016 நவம்பரில் ஜெர்மனியின் தொலைத்தொடர்பு நிறுவனமான டாய்ச் டெலிகாமின் வாடிக்கையாளர்கள் சுமார் 9 லட்சம் பேர் ஒரே வார இறுதியில் இணையத்தை இழந்தார்கள். மிராய் என்ற நச்சு மென்பொருளின் ஒரு வகை, தொலைவிலிருந்து பராமரிப்பதற்காகத் திறந்துவைக்கப்பட்டிருந்த வழியைத் தட்டிப் பார்த்ததில் அவர்களுடைய ரவுட்டர்கள் செயலிழந்தன. அந்த ரவுட்டர்களை வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்ததே அந்தப் பெரிய நிறுவனம்தான். அதன் பின்னர், வீட்டு ரவுட்டர்களுக்கான தொழில்நுட்ப நெறிமுறை ஒன்றை ஜெர்மனியின் தகவல் பாதுகாப்பு அலுவலகம் 2018-இல் வெளியிட்டது.

ஒரே ஒரு நிறுவனத்தைத் தடை செய்து, அதே கவனக்குறைவோடு தயாராகும் வேறு பெட்டிக்கு அந்த இடத்தைக் கொடுத்தால், வணிகத்தில் வென்றவர் மாறுவார். தென்காசி வாசகரின் திண்ணை திறந்தேதான் கிடக்கும்.

கேள்வி: நம் அரசு இதில் ஏதாவது செய்திருக்கிறதா?
– வாசகர், திருச்சி

பதில்: செய்திருக்கிறது. 2021 ஜூன் 15 முதல், தொலைத்தொடர்பு உரிமம் பெற்ற நிறுவனங்கள் 'நம்பகமான மூலம்' என்று ஒப்புதல் பெற்ற இடங்களிலிருந்தே தங்கள் வலையமைப்புக்குப் புதிய கருவிகளை வாங்க முடியும். கருவிகளுக்குக் கட்டாயச் சோதனையும் சான்றிதழும் உண்டு. பாதுகாப்புச் சோதனைக்கென்றே பெங்களூரில் ஒரு தேசிய மையம் இருக்கிறது. கண்காணிப்புக் கேமராக்களுக்கு 2025 ஏப்ரல் முதல் கடுமையான சோதனை விதிகள் வந்துள்ளன. சோதனைக்கூடங்கள் போதவில்லை, தாமதமாகிறது என்று அத்துறைத் தயாரிப்பாளர்கள் முறையிட்டதை, ரவுட்டர்களுக்கு விதிகளை இறுக்கும்போது அரசு நினைவில் கொள்ள வேண்டும்.

ஆனால் நான் எதிர்பார்ப்பது வாங்குபவரின் கண்ணுக்குத் தெரியும் ஒரு விதியை. தமிழும் ஆட்சிமொழியாக இருக்கும் சிங்கப்பூரில் 2020 அக்டோபரில் இணையக் கருவிகளுக்கு நான்கு நிலைகள் கொண்ட பாதுகாப்பு முத்திரை தொடங்கப்பட்டது. அங்கே விற்கப்படும் வைஃபை ரவுட்டர்கள் குறைந்தது முதல் நிலையையாவது எட்ட வேண்டும் என்பது 2021-இல் கட்டாயமானது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், எல்லாப் பெட்டிக்கும் ஒரே எளிய கடவுச்சொல் வைத்து விற்பது சட்டவிரோதம். எத்தனை காலத்துக்குப் பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும் என்பதையும் தயாரிப்பாளர் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். மருந்து அட்டையில் காலாவதித் தேதி பார்த்து வாங்கப் பழகிய நம் மக்கள், ரவுட்டர் பெட்டியில் அப்படியொரு தேதி இருந்தால் அதையும் பார்ப்பார்கள்.

கேள்வி: சென்னை ரிச்சி தெருவில் பழைய ரவுட்டர்கள் பாதி விலைக்கும் கீழே கிடைக்கின்றன. வாங்கலாமா? வாங்கினால் என்ன செய்ய வேண்டும்?
– கல்லூரி மாணவர், தாம்பரம்

பதில்: மாடல் எண்ணைக் கடையிலேயே நின்று தேடிப் பார்த்து, அண்மையில் அப்டேட் வந்திருந்தால் மட்டும் வாங்குங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்ததும், பின்புறத் துளையில் ஊசியை அழுத்தி, முன்பு வைத்திருந்தவரின் அமைப்புகளை அழித்துவிடுங்கள். இணையத்தோடு இணைத்தவுடன் முதல் வேலை அப்டேட். அது முடியும்வரை வேறெதையும் அதோடு இணைக்க வேண்டாம். வைஃபை கடவுச்சொல் வேறு, ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் நுழையும் கடவுச்சொல் வேறு என்பது பலருக்குத் தெரிவதில்லை. இரண்டாவதை மாற்றாமல் விடுவதுதான் வழக்கம். மிராய் 2016-இல் லட்சக்கணக்கான கருவிகளுக்குள் நுழைந்தது, தயாரிப்பாளர்கள் வைத்த அறுபதுக்குச் சற்று அதிகமான பெயர்–கடவுச்சொல் இணைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத்தான். வெளியிலிருந்து ரவுட்டரை இயக்கும் ரிமோட் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். இணைப்பு தந்தவர் கொடுத்த ஃபைபர் மோடம் என்றால், அதன் அப்டேட் யார் பொறுப்பு என்று அவரிடமே கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

மன்னார்குடி ஆசிரியைக்கும் ஒரு வார்த்தை. பழைய பெட்டியை எடைக்குப் போடுவதற்கு முன் அதே துளையில் ஊசியை அழுத்திவிடுங்கள், அம்மா. உங்கள் வைஃபை கடவுச்சொல்லும், இணைப்புக்கான பயனர் பெயரும் இன்னும் அதற்குள் இருக்கக்கூடும்.