டிராகுலா நாவலைப் பாதியில் நிறுத்திவிட்டேன். முழுதாகப் படித்தவர்கள் என்ன நினைக்கிறீர்கள்? அதில் வரலாறு எவ்வளவு?

நீங்கள் நிறுத்திய இடம் ஐந்தாம் அத்தியாயமாகத்தான் இருக்கும். அதுவரை மலை, ஓநாய், கோட்டை, கண்ணாடியில் உருவம் விழாத பிரபு டிராகுலா என்று பறந்த கதை, அங்கே வந்ததும் இரண்டு தோழிகள் எழுதிக்கொள்ளும் கல்யாணப் பேச்சாக மாறிவிடும். எங்கள் ஆறு பேரில் மூன்று பேர் அந்த இடத்தில்தான் மூடி வைத்தார்கள்.

எங்கள் ஆறு பேர் என்றால், காலையில் ஈரோட்டிலிருந்து திருப்பூருக்குப் பாசஞ்சரில் போகும் சீசன் டிக்கெட் பெண்கள். ஈரோடு புத்தகத் திருவிழாவில் நான் வாங்கிய ஒரே பிரதி, கை மாறிக் கை மாறி ஒன்றரை வருடமாகச் சுற்றுகிறது. எனக்கு இலக்கியத் தகுதி ஒன்றும் கிடையாது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பி.காம். படித்து, ஒரு பனியன் கம்பெனியில் டி.சி. (சரக்கோடு அனுப்பும் டெலிவரி சலான்) எழுதுகிறவள். பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டுதான் ஆங்கிலத்தில் படித்தேன். அதனால் 'காலனியம் பற்றி ஏன் பேசவில்லை, வெளிநாட்டவர் மீதான பயம் பற்றி ஏன் பேசவில்லை' என்று யாரும் கீழே சண்டைக்கு வர வேண்டாம். எல்லாம் இருக்கும். இல்லை என்று நான் சொல்லவில்லை.

வரலாற்றுக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். விளாத் டிராகுலா என்ற மன்னர் உண்மையில் இருந்தவர். 15ஆம் நூற்றாண்டில் இன்றைய ருமேனியாவில் இருக்கும் வல்லாக்கியாவை ஆண்டவர், கழுவேற்றுவதில் பேர்போனவர். ஆனால் நாவலை எழுதிய பிராம் ஸ்டோக்கர் அவருடைய வாழ்க்கையை ஆராய்ந்து இதை எழுதவில்லை. 1890இல் விட்பி என்ற கடலோர ஊருக்குப் போயிருந்தபோது, அங்கிருந்த நூலகத்தில் ஒரு பழைய புத்தகத்தில் டிராகுலா என்ற பெயரைப் பார்த்தார், எடுத்துக்கொண்டார். அதற்கு முன் அவருடைய குறிப்புகளில் பிரபுவின் பெயர் 'வாம்பைர்' என்றுதான் இருந்தது. கதையில் கோட்டை இருக்கும் டிரான்சில்வேனியா பக்கம் அவர் கால் வைத்ததே கிடையாது. வெயில் பட்டால் ரத்தக்காட்டேரி எரிந்து போகும் என்பதும் நாவலில் இல்லை, அது 1922இல் வந்த ஒரு ஜெர்மன் சினிமா கொண்டுவந்தது. நாவலில் பிரபு பட்டப்பகலில் லண்டன் தெருவில் நடக்கிறார். பகலில் சக்தி குறைவு, அவ்வளவுதான்.

சரி, கருத்துக்கு வருகிறேன். ஆறு பேரும் ஆறு விதம்.

தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் அக்கா, அந்தத் தோழிகளில் ஒருத்தியான லூசி சாகிற இடம் வரை படித்துவிட்டுக் கொதித்துப் போனார். 'நாலு ஆம்பளைங்க ரத்தத்தை மாத்தி மாத்தி ஒரு புள்ளைக்கு ஏத்தறாங்க. குரூப் பாக்கறதில்ல, கிராஸ் மேட்ச் இல்ல. அந்தப் புள்ள காட்டேரியால சாகலீங்க, டாக்டராலதான் செத்துச்சு' என்றார். ரத்த வகைகளையே லாண்ட்ஸ்டைனர் 1901இல்தான் கண்டுபிடித்தார், நாவல் வந்தது 1897 என்று நான் எடுத்துச் சொன்னேன். அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு வேறு வருத்தம்: கோட்டையை விட்டதும் பிரபுவை அதிகம் பார்க்கவே முடியவில்லையாம். செக்கிங் வேலை பார்க்கும் ஊத்துக்குளி அம்மணிக்குக் கப்பல் பகுதி பிடித்திருந்தது. ஆட்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போக, கடைசியில் கேப்டன் சுக்கானோடு தன் கையைக் கட்டிக்கொண்டே செத்துக் கிடக்கும் அந்த அத்தியாயம். எங்கள் அம்மிச்சி ராத்திரியில் கறிக்குழம்பு கொடுத்தனுப்பினால் தூக்குப்போசி மேல் ஒரு அடுப்புக்கரித் துண்டை வைத்துத்தான் கொடுக்கும். அந்தப் பயத்தில் கால்வாசிகூட எனக்கு இந்தப் புத்தகத்தில் வரவில்லை.

பயத்துக்காக நான் இதைப் படிக்கவில்லை. எனக்கு இது லோடு கணக்குக் கதை.

சிரிக்காதீர்கள். பிரபு லண்டனுக்கு வருவது 50 பெட்டி மண்ணோடு. அவர் பகலில் படுத்துக்கொள்ள சொந்த ஊர் மண் வேண்டும். அந்தப் பெட்டிகளைக் கண்டுபிடித்துக் கெடுத்துவிட்டால் அவருக்குப் படுக்க இடம் கிடையாது. சிலுவை, பூண்டு எல்லாம் கையில் இருந்தாலும் இவர்கள் பெட்டிகளைத் தேடுவது எப்படித் தெரியுமா? இன்வாய்ஸை வைத்து. முதலில் கோட்டைக்குப் போய் மாட்டிக்கொண்ட வக்கீல் ஜோனதன் ஹார்க்கர் விட்பிக்குப் போய் 'சாதா மண், 50 பெட்டி, பரிசோதனைக்கு' என்று போட்டிருக்கும் பில்லைப் பார்க்கிறான். வண்டிக்காரர்களைத் தேடிப் போய் விசாரிக்கிறான். ஒரு கூலிக்காரர் கால்சட்டையின் பின்பக்கத்திலிருந்து மூலை மடங்கிய ஒரு நோட்டை எடுக்கிறார். அதில் தடிப் பென்சிலில், பாதி அழிந்த எழுத்தில், எத்தனை பெட்டியை எங்கே இறக்கினேன் என்று எழுதி வைத்திருக்கிறார். பிரபு லண்டனில் வாங்கிய கார்ஃபாக்ஸ் வீட்டில் மிச்சம் 29. மைல் எண்டுக்கு 6, பெர்மாண்ட்சிக்கு 6, பிக்காடிலிக்கு 9. நான் ஓரத்தில் பென்சிலால் கூட்டிப் பார்த்தேன். சரியாக 50. ரயிலில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன்.

எனக்கு ஏன் இவ்வளவு சந்தோஷம் என்றால், அந்த நோட்டை நான் நேரில் பார்த்திருக்கிறேன். மூன்று வருடம் முன்பு எங்கள் கம்பெனியிலிருந்து 40 ரோல் கிரே துணி (சாயம் ஏற்றாத துணி) டையிங்குக்குப் போய், காம்பாக்டிங் (துணி சுருங்காமல் அழுத்தும் வேலை) முடிந்து வந்தபோது 3 ரோல் குறைந்தது. டையிங்கில் கேட்டால் அனுப்பிவிட்டோம் என்கிறார்கள், காம்பாக்டிங்கில் கேட்டால் வந்ததே 37தான் என்கிறார்கள். ஒரு சனிக்கிழமை பேக்கிங் டேபிளைக் காலி செய்து, ஒரு மாதத்து டி.சி. மொத்தத்தையும் தேதி வாரியாகப் பரப்பினேன். வெள்ளை, ரோஸ், மஞ்சள் என்று மூன்று காப்பி. ரோஸ் காப்பியில் கார்பன் பதியாமல் லாட் நம்பர் பாதிதான் தெரிந்தது, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து அழுத்தத் தடத்தை வைத்துப் படித்தேன். அப்புறம் கேட் ரிஜிஸ்டர். கடைசியில் டெம்போ ஓட்டும் அண்ணன் சட்டைப்பையிலிருந்து வேர்வையில் ஊறிய ஒரு குட்டி நோட்டை எடுத்தார். அவர் வாடகைக் கணக்குக்காக எழுதி வைத்திருந்தது. மழை நாளில் 3 ரோல் மட்டும் தனி நடையாக வேறொரு பார்ட்டியின் லாட்டோடு போயிருக்கிறது.

எல்லாவற்றையும் ஒரு ஃபைலாகக் கட்டி முதலாளியிடம் கொடுத்தேன். திங்கட்கிழமை பேச்சுவார்த்தை. நானும் நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். 'நீங்க இருங்க அம்மணி, சத்தம் போட்டுப் பேச வேண்டிவரும், நாங்க ஆம்பளைங்க பாத்துக்கறோம்' என்றார். பெரிய மரியாதையாகத்தான் சொன்னார். அங்கே போய், எந்தத் தேதி டி.சி. என்று எதிராளி கேட்டபோது நான்கு பேருக்கும் சொல்லத் தெரியவில்லை. பாதிப் பணத்துக்கு ஒத்துக்கொண்டு வந்தார்கள். நான் மாடியில் அட்டைப்பெட்டிக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

இப்போது அந்தத் தோழிகளில் இன்னொருத்தியான, ஜோனதனின் மனைவி மினாவைப் பாருங்கள். எல்லார் டைரியையும், கடிதத்தையும், மெழுகு உருளையில் டாக்டர் பேசிப் பதிந்து வைத்ததையும் வாங்கி, டைப் அடித்து, தேதி வாரியாக அடுக்கித் தருவது அவள். ஒரே அடியில் மூன்று பிரதி எடுக்கிறாள் (கார்பன் காப்பி!). பிறகு பிரபு வந்து கையெழுத்துப் பிரதிகளைக் கொளுத்திவிட்டுப் போகிறார், பெட்டகத்தில் இருந்த ஒரு பிரதிதான் அவர்களைக் காப்பாற்றுகிறது. இவ்வளவு செய்தவளைப் பார்த்து, காட்டேரி வேட்டையை நடத்தும் பேராசிரியர் வான் ஹெல்சிங், இவளுக்கு ஆம்பளை மூளை என்று பாராட்டுகிறார். எங்கள் முதலாளியும் இதே வார்த்தையை ஒரு தீபாவளி போனஸ் அன்று சொன்னார். பாராட்டிய கையோடு, இனி இது பெண்களுக்கான வேலை இல்லை, நீ போய்த் தூங்கம்மா என்று அவளை வீட்டில் விட்டுவிட்டு ஐந்து ஆண்களும் பெட்டி தேடக் கிளம்புகிறார்கள். பிரபு எங்கே வருகிறார்? அவள் தூங்குகிற அறைக்கு.

அந்தப் பக்கத்தைப் படித்த அன்று வண்டி ஊத்துக்குளியில் எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டு நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நர்ஸ் அக்கா தூசி விழுந்துவிட்டது என்று நினைத்து ஊத வந்தார்.

பின்பாதியில் பிரபு எந்த ஆற்று வழியாகத் தப்புகிறார் என்பதைக் காகிதங்களை முன்னால் வைத்து ஒவ்வொரு வழியாகக் கழித்துக் கண்டுபிடிப்பதும் மினாதான். ரயில் நேர அட்டவணையை மனப்பாடமாக வைத்திருப்பவளும் அவளே. எங்கள் கோச்சில் அவளுக்கு ஜன்னல் சீட்டே கொடுப்போம்.

இதையெல்லாம் நானாக ஏற்றிப் படிக்கிறேன் என்று சொல்லலாம். ஆனால் ஸ்டோக்கர் யார்? டப்ளினில் அரசாங்க எழுத்தராக வேலை பார்த்தவர். 1879இல் அவர் போட்ட புத்தகம், அயர்லாந்தின் சிறு நீதிமன்ற எழுத்தர்களின் கடமைகள் என்ன என்பது பற்றியது. அப்புறம் 27 வருடம் லண்டனில் லைசியம் நாடக அரங்கின் மேலாளர். கணக்கும் கடிதமும் பார்த்தே காலம் ஓட்டிய மனிதர் பேய்க்கதை எழுதினாலும் அதில் பில் வரத்தானே செய்யும்?

ஆகவே ஐந்தாம் அத்தியாயத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டுங்கள். சிறுவர்களுக்கான சுருக்கப் பதிப்பை மட்டும் வாங்காதீர்கள், நான் புரட்டிப் பார்த்ததில் வண்டிக்காரர்களையும் நோட்டையும் மொத்தமாக வெட்டியிருந்தார்கள். இரவல் வாங்கினால் திருப்பிக் கொடுங்கள். என் பிரதியில் 200ஆம் பக்கத்தில் யாரோ புளிக்குழம்பு சிந்தியிருக்கிறார்கள், ஆறு பேரும் தான் இல்லை என்கிறார்கள். இதற்கும் கேட் ரிஜிஸ்டர் வைக்க வேண்டும்போல.

இப்போது புத்தகம் ஊத்துக்குளி அம்மணியிடம் இருக்கிறது. 49 பெட்டி வரை வந்துவிட்டார். 'அந்த இன்னொரு பெட்டி எங்கீங்க?' என்று நேற்று கேட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.